இரண்டு தீவுகளும் ஒரு ராத்தலும்

நர்சுகள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று பெண்கள் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். காபி ஆறுவதற்குள் ஒருத்தி கேட்டுவிட்டாள். "சிஸ்டர், நீங்க இலங்கையிலயும் இருந்திருக்கிய, சிங்கப்பூர்லயும் இருந்திருக்கிய. ஜீவிக்கதுக்கு எது நல்ல நாடு?" அவளுக்குச் சிங்கப்பூரிலிருந்து வேலை உத்தரவு வந்திருக்கிறதாம். "எழுதித் தருகிறேன், போ" என்று அனுப்பிவைத்தேன். ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் முன்பு ஒரு தடவை அப்படி ஒரே சொல்லில் பதில் சொல்லி, அதற்குச் சாட்சியாக ஒரு நோட்டுப் புத்தகத்தையும் நீட்டி, நாலு பேர் முன்னால் மூக்குடைபட்டவள் நான். அதனால் இந்தத் தடவை நிதானமாகச் சொல்கிறேன்.

நான் பிரசவம் பார்க்கும் நர்சு. நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பா சபையில் உபதேசியாராக இருந்தார். நானும் தங்கை ரூத்தும் மட்டுந்தான். அம்மா போனபோது ரூத்துக்கு ஏழு வயது. அதன் பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டது முதல் கல்யாணம் செய்து வைத்தது வரை எல்லாம் என் கையால் நடந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் படித்தேன். அதில் பாதிக் காலம் வெந்நீர் போட்டேன், மீதிக் காலம் வேறு யாரோ போட்ட வெந்நீரில் கை கழுவினேன். இருபத்து மூன்றாவது வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மருத்துவச்சி வேலைக்குப் போனேன். அது இருபதுகளின் நடுப்பகுதி.

மண்டபம் முகாமில் கையைப் பிடித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றி, தலைமன்னாரில் ரயிலேற்றி அனுப்பினார்கள். மலையில் போய் இறங்கியதும் முதலில் தெரிந்தது குளிர். அதற்கடுத்தது காலில் ஏறிய அட்டை. மூன்றாவதாக நம்ம ஊர்ப் பேச்சு. "நாரோலா, மக்கா? எந்தப் பக்கம்?" என்று, நாகர்கோவிலை நாங்கள் சொல்வது போலவே சொல்லிக் கேட்டபடி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தாணு. பூதப்பாண்டிக்காரர். நல்ல உயரம். காக்கிக் கால்சட்டை, கழுத்தில் மஃப்ளர், நெற்றியில் விபூதி. கொழுந்து நிறுப்பதும் பெயர் எழுதுவதும் அவர் வேலை. அன்றைக்கு அவரைப் பார்த்ததில் எனக்கு வந்த தைரியம் கொஞ்சநஞ்சமல்ல. நம்ம ஊர்க்காரர் என்பதாலேயே அவர் சொன்னது எதையும் நான் பிறகு சந்தேகப்படவில்லை.

தோட்டத்தில் என் வேலைக்கு எழுதி வைத்த சட்டங்கள் சில இருந்தன. பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கண்ணைத் துடைத்து மருந்து விட வேண்டும். கொப்பூழ்க் கொடியை இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். அன்றைக்கும் பத்தாம் நாளும் நிறுத்து எழுத வேண்டும். முதல் இரண்டுக்கும் என் கையே போதும். மூன்றாவதுக்குத் தராசு வேண்டும். மருந்துச்சாலைக்கு வந்த தராசு பெட்டியைத் திறக்கும்போதே உடைந்திருந்தது. புதிது வரும், புதிது வரும் என்று ஆறு வருடம் போயிற்று.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் உத்தரத்திலிருந்து பெரிய வில்தராசு ஒன்று தொங்கும். பெண்கள் கூடையோடு வந்து வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை கூடையைக் கொக்கியில் மாட்டி, முள்ளைப் பார்த்து, ராத்தலைச் சத்தமாகச் சொல்லுவார். பவுண்டு எடையைத்தான் அங்கே ராத்தல் என்பார்கள். வரிசை கலைந்த பிறகு நான் பிள்ளையைத் துணித் தூளியில் போட்டுக்கொண்டு போவேன். கொக்கி என் தலைக்கு மேலே. தூளியை மாட்டிக் கொடுப்பதும் முள்ளைப் பார்ப்பதும் அவர். நான் பிள்ளை விழுந்துவிடாமல் இரண்டு கையையும் அடியில் விரித்து வைத்துக்கொண்டு நிற்பேன். என் கண் பிள்ளையை விட்டு நகராது. "அஞ்சு!" என்பார். "நாலே முக்கால்!" என்பார். நான் வீட்டுக்கு வந்து தூளித் துணியின் கால் ராத்தலைக் கழித்து நோட்டில் எழுதுவேன். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த முள்ளை என் கண்ணால் நான் பார்க்கவில்லை.

என் கைக்குச் சில சமயம் சந்தேகம் வந்ததுண்டு. "இந்தப் பிள்ளை நல்ல கனமா இருக்கே" என்று தோன்றும். நோட்டில் பார்த்தால் நாலு என்றிருக்கும். குளிரில் விறைத்த கைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

வாழ்க்கை அங்கே எப்படி இருந்தது என்றால், லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அடுப்பும் அதிலேதான், பிரசவமும் அதிலேதான். புகையில் என் கண் எரிந்து கொட்டும். தண்ணீருக்கு, மலை ஓடை கொட்டும் பீலிக்குப் போக வேண்டும். மழை மாதத்தில் துணி ஒரு வாரம் காயாது. ஆனால் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டால் பத்து அறைக்கும் அது சொந்த வலி. ஒருத்தி வெந்நீர் கொண்டு வருவாள், ஒருத்தி மூத்த பிள்ளையைத் தூக்கிப் போவாள், ஒருத்தி நான் செய்வது சரியில்லை என்று வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுப்பாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போன தாய், பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஓடுவாள். ஓட்டத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் அவை.

அங்கிருந்த நாலாவது வருடத்தில் ரூத்துக்கு மாப்பிள்ளை பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார், தேவதாசன். அதிர்ந்து பேசாத மனிதர். அவளை நாகர்கோவிலிலிருந்து அழைத்து வந்து கல்யாணம் செய்து வைத்தேன். இரண்டு மைலில் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து நடந்தே போய் அவள் கையால் சாப்பிடுவேன். என் வாழ்க்கையில் நான் எதற்கும் ஆசைப்படாமல் இருந்தது அந்த இரண்டு வருடந்தான்.

அப்புறம் தேயிலை விலை விழுந்தது. மூன்று தோட்டத்துக்கு ஒரு மருத்துவச்சி போதும் என்று முடிவு செய்து என்னை அனுப்பினார்கள். பழைய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சிங்கப்பூர்! குழாயைத் திருகினால் தண்ணீர். சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்க ரிக்ஷாக் கூலி. 'மிஸ்ஸி, மிஸ்ஸி' என்று சீனத்தியும் மலாய்க்காரியும் தமிழச்சியும் ஒரே பெயரில் கூப்பிட்டார்கள். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் நான் பார்த்த முதல் பிரசவத்தை மறக்க முடியாது. அந்தக் கட்டிடத்தில் நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு குடும்பம். பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் குழாயடிக்கு ஓடினார்கள். தீப்பிடித்துவிட்டதோ என்று பயந்துபோனேன். கை கழுவ ஓடியிருக்கிறார்கள். ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து வருடக்கணக்கானவர்கள். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரிசையாக வந்து அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர்கூடத் தொடவில்லை. பார்த்ததே போதும் என்று போனார்கள்.

என் மேலதிகாரி ஸ்காட்லாந்துக்கார மேட்ரன். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தவள் பக்கத்தில் வந்து, இடுப்புப்பட்டையில் குத்தியிருக்கும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சும்மா நிற்பார். அந்தச் சும்மாவுக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக இருந்தோம். பிள்ளையை நிறுப்பதற்கு அவர் வைத்த முறை இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். தட்டை முதலில் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்க வேண்டும். துணியை விரித்து, முள்ளைச் சூன்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிள்ளையை வைத்த பிறகு ஒரு கையைத் தொடாமல் மேலே காவலாகப் பிடிக்க வேண்டும். முள் நின்ற பிறகு குனிந்து கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். யார் பார்த்தாரோ அவரே எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "நீ தப்பு செய்தாய் என்பதும் பதிவேட்டில் இருக்கட்டும்" என்பார்.

அங்கே பிறந்த பிள்ளைகளை நிறுக்க நிறுக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்தரை, ஆறு, ஆறேகால். என் பழைய தோட்டத்து நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு ராத்தலுக்கு மேல் வித்தியாசம். மேட்ரனிடம் காட்டினேன். மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும் நர்சுகள் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார். நானும் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய், 'இரு தீவுகளில் தாய்சேய் வாழ்வு' என்று பெரிய தலைப்பு வைத்து, சிங்கப்பூர்தான் உயர்ந்தது என்று அடித்துச் சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அதே சமயத்தில்தான் ரூத்திடமிருந்து கடிதம் வந்தது. அவளுடைய முதல் பிள்ளை பிறந்து ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அப்போது நான் சிங்கப்பூரில் இருந்தேன். இப்போது மறுபடி நாலு மாதம். "பயமா இருக்கு எக்கா" என்று எழுதியிருந்தாள். நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். அந்த நாட்டுப் பிள்ளைகளே எடை குறைவு, என் நோட்டைப் பார், இந்த நாட்டுக்கு வா, இங்கே குழாய்த் தண்ணீர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, மாப்பிள்ளைக்கு ஏதாவது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் என்று எழுதினேன். வேலை எளிதில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தமிழ் வாத்தியார்கள் அங்கே வேலையில்லாமல் கடைகளில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் எழுதவில்லை. மூன்று கடிதத்துக்குப் பிறகு தேவதாசன் சம்மதித்தார். மாதக் கடைசியில் ராஜினாமாக் கொடுப்பதாக எழுதினார். நான் அவர்களுக்காக இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து, முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரம் நான் வேலை பார்த்த தாய்சேய் நிலையத்துக்கு மாரியாயி வந்தாள். என் பழைய தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவளுக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது பார்த்தவள் நான். புருஷனுக்குக் கங்காணியோடு தகராறு வந்து, ஊருக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்திருக்கிறாள். கையில் இரண்டாவது பிள்ளை, பத்து நாள். தட்டில் வைத்து நிறுத்தேன். ஐந்தே முக்கால்.

"பாத்தியா மாரியாயி, மூத்தவன் நாலரைதான் இருந்தான். இந்த ஊர்த் தண்ணியும் சாப்பாடும்னா சும்மாவா?" என்றேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "மூத்தவன் அஞ்சரைங்களே அம்மா."

"என் நோட்டுல நாலரைன்னு இருக்கு."

"அது கணக்கப்பிள்ளை சொன்னதுங்க. அவருதான் கொழுந்தோ கொழந்தையோ, எது தொங்குனாலும் கழிச்சுத்தான சொல்லுவாரு? நாங்க லயத்துக்குப் போயி ஒரு ராத்தல் சேத்துச் சொல்லிக்குவோம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நர்சம்மாவுக்குத் தெரியாதுங்களா?"

கூடைக்கும் கொழுந்தின் ஈரத்துக்கும் தினமும் கழித்துக் கழித்து, அந்த மனிதருக்கு முள் ஒன்றைக் காட்டினால் வாய் வேறொன்றைச் சொல்லும் பழக்கமாகிவிட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அத்தனை பெண்களுக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருக்கும் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நோட்டும் பேனாவும் வைத்திருந்த நான் ஒருத்திதான் அந்தத் தோட்டத்தில் முட்டாள்.

அன்றைக்கு அறைக்குப் போய் நோட்டை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு ராத்தல் கூட்டிப் பார்த்தேன். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. சிங்கப்பூர் அப்போதும் ஒரு கால் ராத்தல் முன்னால்தான் இருந்தது. அதற்காக ஒரு வாத்தியார் இருக்கிற வேலையை விட்டுவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டுவானா?

வெட்கத்தோடு சொல்கிறேன், நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. மாரியாயி யாரிடம் போய்ச் சொல்லப் போகிறாள்? ராஜினாமாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதுவரை சும்மா இருந்தால் போதும், ரூத் வந்துவிடுவாள். பார்த்து வைத்த வீட்டுக்குச் சன்னல் துணிகூட வாங்கிவிட்டேன். ராத்தல் எக்கேடு கெட்டால் என்ன, என் தங்கை என் பக்கத்தில் இருப்பாள் என்று மனசு பேசியது. ஐந்தாம் நாள் ஒரு பிள்ளையை நிறுத்து எழுதும்போது, யார் பார்த்தாரோ அவரே எழுத வேண்டும் என்ற விதி ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை மூடி வைத்தேன். நேரே மேட்ரன் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "எத்தனை பக்கம்?" என்றார்.

"நாற்பத்தொன்று, மேட்ரன்."

"ஒவ்வொரு பக்கமும் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போடு. அடுத்த கூட்டத்தில் நீயே எழுந்து வாசி. அந்தப் புதுச் சேலையையே கட்டிக்கொண்டு வா."

வாசித்தேன். முதல் வரிசையில் இருந்த ஒருத்தி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் வாசித்து முடித்ததும் மேட்ரன் முதலில் கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மேட்ரனிடம் சொன்ன அன்றைக்கே ரூத்துக்கும் எழுதியிருந்தேன். நோட்டு தப்பு, வேலை கிடைப்பதும் கஷ்டம், மாப்பிள்ளை ராஜினாமாக் கொடுக்க வேண்டாம் என்று மூன்றே வரி. இரண்டு வரியில் பதில் வந்தது. "சரி எக்கா. அப்போ நாங்க இங்கயே இருக்கோம்." நான் வேறென்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். பிறகு முன்பணம் கொடுத்த வீட்டுக்காரரிடம் போய், யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் முகத்தை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்த மேட்ரன் ஒரு நாள் கேட்டார். "உன் தங்கைக்கு எப்போது?" சொன்னேன். மூன்று மாத விடுப்பு எழுதிக் கொடுத்தார். போக வர இரண்டுக்கும் கப்பல் சீட்டு வாங்கினேன். பித்தளைத் தட்டுத் தராசு ஒன்றும் சொந்தமாக வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ரூத் வீட்டில் போய் இறங்கியதும் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். தலை மேலே இருந்தது. பிள்ளை கீழே உட்கார்ந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இருபது மைல். போவதற்கு லாரி ஏற்பாடு செய்துவைத்திருந்தோம். ஆனால் மழையில் ரோடு சரிந்த அன்றைக்கே காலையில் வலி வந்துவிட்டது. தேவதாசன் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டு வாசலில் குடையோடு நின்றார். உள்ளே வரவும் பயம், போகவும் பயம்.

பிருஷ்டம் முந்தி வரும் பிள்ளைக்கு நர்சு செய்யக்கூடிய பெரிய காரியம், கையை வைக்காமல் இருப்பது. இழுத்தால் பிள்ளையின் கை மேலே போய்விடும், தலை நிமிர்ந்து மாட்டிக்கொள்ளும். பிருஷ்டம் வந்தது, கால் வந்தது. தொப்புள் தெரியும்வரை நான் தொடவில்லை. தொப்புள் தெரிந்ததும் கொடியை ஒரு வளையம் அளவுக்குத் தளர்த்தி விட்டேன். துடிப்பு இருந்தது. சூடான துண்டை உடம்பில் சுற்றினேன். தோள் தானாக வந்தது. இப்போது உடம்பு முழுக்க வெளியே, தலை மட்டும் உள்ளே. அந்த நேரத்தில் உலகத்தில் உள்ள எல்லாத் தாய்மாரும் "இழுங்க" என்றுதான் சொல்லுவார்கள். ரூத்தும் சொன்னாள். "எக்கா, இழுத்து எடு, எக்கா!"

"பொறு மக்கா. பிடரி மயிர் தெரியட்டும்."

உடம்பின் கனத்திலேயே தலை இறங்க வேண்டும். பிள்ளையைத் தொங்க விட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பிடரியில் ஈர மயிர் ஒரு கோடாகத் தெரிந்தது. கணுக்காலைப் பிடித்து, மெல்ல வளைத்து, தாயின் வயிற்றுப் பக்கமாகத் தூக்கினேன். வாய் வந்தது, மூக்கு வந்தது, நெற்றி வந்தது. பிள்ளை நீலமாக இருந்தது. வாயைத் துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்தேன். தேய்த்தேன். ரூத் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பூனைக் குட்டி மாதிரி ஒரு சத்தம். அடுத்தது லயமே கேட்கும்படி ஒரு சத்தம். வெளியே குடை விழுந்தது.

பெண் பிள்ளை. தட்டைத் தேய்த்துச் சூடாக்கி, குனிந்து, என் கண்ணாலேயே பார்த்தேன். ஐந்தே முக்கால். சிங்கப்பூரில் மாரியாயி பிள்ளைக்கு இருந்த அதே எடை.

செய்தி பரவியதும் பழைய தோட்டத்திலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். ரூத்தின் பிள்ளையைப் பார்க்க என்றுதான் சொன்னார்கள். ஆனால் கூடவே நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். "இவளை அண்ணைக்குக் கொறைச்சு எழுதிட்டீங்களாம்ல அம்மா, இப்பச் சரியாப் போட்டு எழுதுங்க" என்றார்கள். தட்டில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கு என்ன எழுதுவது? பழைய நோட்டைத் திறந்து, திருத்திய எண்ணை ஒவ்வொருத்திக்கும் வாசித்துக் காட்டினேன். சந்தோஷமாகப் போனார்கள்.

தாணு கணக்கப்பிள்ளையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நியாயமா அண்ணாச்சி இது? பச்சப் பிள்ளையில போயி கழிவு எடுத்திருக்கியளே?"

அவருக்கு உண்மையாகவே வருத்தம். "என்னா மக்கா இப்பிடிக் கேக்க? தொங்குன பொருளுக்குக் கழிக்காம எப்பிடிச் சொல்லுகது? கொழுந்துக்கு ரெண்டு கழிச்சேன். பிள்ளையோ பாவம்லா, ஒண்ணுதான் கழிச்சேன்!"

பழத்தை வாங்கி வைத்தேன்.

ஆகவே, சிங்கப்பூர் உத்தரவு வந்திருக்கும் பெண்ணே, நீ தாராளமாகப் போ. குழாய்த் தண்ணீர் நல்லது. வெளிச்சம் நல்லது. நல்ல மேட்ரன் கிடைத்தால் அதைவிட நல்லது. தோட்டத்துப் புகையை நான் ஒருநாளும் புகழ மாட்டேன். கையில் உள்ள எண்களைப் பார்த்தால் உன் தீவுதான் கொஞ்சம் முன்னால். எனக்கு நடந்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

விடுப்பு முடிந்தது. கொழும்பில் கப்பல் ஏற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் போகும் லாரிக்காக நின்றேன். ரூத் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். "இரு" என்று அவள் சொல்லவில்லை. சொல்லுவாள் சொல்லுவாள் என்று மூன்று மாதமாக நான் காத்திருந்தேன்.

"நீ அங்க வந்திருந்தா நல்ல ஆஸ்பத்திரியில பாத்திருக்கலாம்" என்றேன்.

ரூத்துக்குக் கோபம் வந்தது. சின்ன வயதில் தலை வாரும்போது இழுபட்டால் வருமே, அந்தக் கோபம். "எக்கா, நீ எழுதுன கடுதாசி பூரா வச்சிருக்கேன். ஒண்ணு விடாம ராத்தலு, கொழாத் தண்ணி, ஆஸ்பத்திரி. நீ அங்க ஒத்தையில கெடக்கேன்னு ஒரு வரி எழுதினியா? எழுதியிருந்தா இவரையும் கூட்டிக்கிட்டு அண்ணைக்கே கப்பல் ஏறியிருப்பேன். ராத்தலுக்காவா நான் வரணும்?"

முப்பத்து மூன்று வயதுக்காரி, ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவள், வாசலில் நின்று விக்கி விக்கி அழுதேன். "ஒத்தையிலதான் கெடந்தேன், மக்கா" என்றேன்.

அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியின் காதைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். லாரிக்காரன் வந்து இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.